மூன்று பேர் விழுந்த கிணறு

அம்மாடி,

போன வாரம் நீ போனில் அந்த விஷயத்தைச் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. "அய்யா, ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது. அடுத்த வாரம் நான் விமானத்துல இருந்து குதிக்கப் போறேன்" என்றாய். நான் "சரிம்மா, சாப்பிட்டியா" என்று கேட்டேன். அதற்கு நீ சிரித்தாய். பிறகு என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. நீ ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தபோது, கட்டுப் போடுகிற வேலைதானே, துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாராசூட்டில் இறங்குகிற படையோடு டாக்டரும் இறங்க வேண்டியிருக்கும், அதற்கு விருப்பமுள்ளவர்கள்தான் பெயர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ பெயர் கொடுத்திருக்கிறாய். ஓட்டமும் பயிற்சியும் முடிந்து, குதிக்கிற நாள் வரைக்கும் வந்துவிட்ட பிறகுதான் எங்களிடம் சொல்கிறாய். முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். தடுத்துத்தான் இருப்பேன்.

உன் அம்மா அப்போது அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, "குதிக்கட்டும்" என்றாள். "விமானத்துல இருந்துடி" என்றேன். "கேட்டுச்சு. அவ என்ன பச்சப் புள்ளயா? நீங்க அந்தப் பூனைய விரட்டுங்க" என்றாள். தங்கச்சிமடத்துக்காரி. புயல் நேரத்திலும் அப்பனையும் அண்ணன்களையும் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீட்டில் பிறந்தவள். அவளுக்குப் பயமே கிடையாது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது சரியில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அங்கே வருவதற்கு முன்னால் இந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேள்.

உனக்கே தெரியும், ஆடி ஆவணியில் பதினொன்றாம் வகுப்புக்கு நான் எடுக்கிற பாடம் என்னவென்று. தடையின்றித் தானே விழும் பொருள்கள். உனக்கும் நான்தான் அதை எடுத்தேன். முன் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் அய்யா என்று கூப்பிடுகிறவனை "சார்" என்று கூப்பிட முடியாமல் எழுந்து நின்று விழித்தாயே, அதே வகுப்பறை. இந்த வாரமும் அதே பாடம்தான். உயரமான கோபுரத்திலிருந்து ஒரு கல் போடப்படுகிறது, தரையை அடையும் நேரம் என்ன, தரையைத் தொடும்போது வேகம் என்ன. கணக்கைப் பலகையில் எழுதினேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: காற்றின் தடையைப் புறக்கணிக்க. அந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கை நின்றுவிட்டது. முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் காற்றைப் புறக்கணிக்கச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது என் மகள் முழுக்க முழுக்கக் காற்றை நம்பிக் குதிக்கப் போகிறாள். காற்று இல்லாத இடத்தில் பாராசூட் வெறும் துணி. ஒரு மாணவி, "சார், எழுத்து விட்டுப்போச்சு" என்றாள். நான் பலகையை அழித்துவிட்டு, "இன்னைக்கு முந்தின பாடத்தையே திருப்பிப் பார்ப்போம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைத் தூக்கிக் கீழே விடுகிறேன். துணி காயப்போடப் போனால் மாடியிலிருந்து கிளிப்பைப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு வினாடியில் தென்னை மரத்தின் பாதி உயரம். இரண்டாவது வினாடி முடியும்போது அதைப் போல நான்கு மடங்கு. மூன்றாவதற்கு ஒன்பது மடங்கு. விழுகிற பொருள் ஒவ்வொரு வினாடியும் முந்தைய வினாடியை விட அதிக தூரம் போகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் இருக்கும், எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பார் என்று. இப்போது அந்த ஒழுங்குதான் என்னைத் தூங்க விடவில்லை. உன் அம்மா ஒரு நாள் பொறுத்தாள், மறுநாள் கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "நீங்க கீழ போடுறதுக்கு நான் எத்தன தடவ கழுவுறது" என்றாள்.

உனக்குப் பாம்பன் பாலம் நினைவிருக்கிறதா? இரண்டாவதோ மூன்றாவதோ படித்துக்கொண்டிருந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கி, எல்லோரையும் போல நாமும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே படகுகளைப் பார்த்தோம். உன் கையில் சுண்டல் பொட்டலம். தின்று முடித்ததும் காகிதத்தைக் கீழே விட்டாய். அது நேராக விழாமல் சுழன்று சுழன்று, மேலேகூட ஒருமுறை ஏறி, வடக்குப் பக்கமாக எங்கோ போனது. உடனே நீ குனிந்து, என்ன செய்கிறாய் என்று நான் பார்ப்பதற்குள் உன் செருப்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டாய். அது நேரே போய்த் தண்ணீரில் விழுந்தது. "அய்யா, செருப்புக்குத்தான் அவசரம்" என்றாய். எனக்குக் கோபமே வரவில்லை. காகிதத்தைக் காற்று ஏன் தாங்குகிறது, செருப்பை ஏன் தாங்கவில்லை என்று அங்கேயே நின்று சொன்னேன். காற்றே இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் விழும் என்றதும் நீ நம்பவில்லை. தார் ரோடு கொதித்தது. திரும்பி வரும்போது உன்னைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். உன் அம்மா பின்னாலேயே வந்து, "படிச்சவரும் படிக்கப் போறவளும் சேந்து ஒரு புதுச் செருப்ப மீனுக்குப் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றைக்கு நீ அந்தச் சுவரில் எம்பிக் குனிந்தபோது உன் பாவாடையின் நாடாவை என் விரலில் சுற்றிப் பிடித்திருந்தேன். உனக்குத் தெரியாது.

என்னைத் தேற்றிக்கொள்ள நானும் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் உன் அம்மாவைப் போல மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நீ கதவைத் தாண்டியதும் விமானத்தில் மாட்டியிருக்கிற பட்டை உன் முதுகுப் பையை இழுத்துத் திறந்துவிடும், நீ எதையும் இழுக்க வேண்டியதில்லை என்று சொன்னாய். அப்படியானால் குடை விரிகிற வரைக்கும் மூன்று நாலு வினாடிதான். குடை விரிந்த பிறகு உன் எடையும் காற்றின் எதிர்ப்பும் சரிக்குச் சரியாகிவிடும். அதற்கு மேல் வேகம் கூடாது. முற்றுத் திசைவேகம் என்று நீ மனப்பாடம் செய்தாயே, அது. அந்த வேகத்தில் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஒரு ஆள் உயரச் சுவரிலிருந்து குதிப்பது போலத்தான். நம் பக்கத்து வீட்டுக் கொய்யாவுக்காக நீ எத்தனை சுவர் குதித்திருப்பாய். இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "பெறகென்ன, சுவருதானே" என்றாள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. அடிபடுவது விழுவதால் அல்ல, சட்டென்று நிற்பதால்தான். அதனால் முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பக்கவாட்டில் உருண்டு விழு. நிற்கிற நேரத்தை எவ்வளவு நீட்டுகிறாயோ அவ்வளவுக்கு எலும்பு தப்பும். உனக்கு அங்கே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இருந்தாலும் நானும் சொல்கிறேன்.

இனி, நாங்கள் உன்னிடம் சொல்லாமலே விட்ட ஒரு விஷயம். நீ ஏற்கனவே ஒருமுறை விழுந்திருக்கிறாய். பிறப்பதற்கு முன்னால்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு உன் தாத்தா, அதாவது என் அய்யா, எங்களை வீட்டுப் படி ஏற விடவில்லை. கடற்கரைப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள், மானாவாரி நிலத்தை நம்பி இருக்கிற நம் வீட்டுக்கு எப்படி ஒத்து வருவாள் என்று அவருக்கு. ராமநாதபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நீ வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது உன் சித்தப்பா வந்து, "அண்ணே, மதினியக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வருவியாம். அய்யா சொல்லிவிட்டாக" என்றான். அது ஐப்பசி. நல்ல மழை பெய்து ஓய்ந்த சமயம். போனோம். உன் தாத்தா எங்களைப் பார்த்ததும் "வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் தோட்டத்துக் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றாள் உன் அம்மா. கடலைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அவ்வளவு பெரிய கிணறு வேடிக்கை. மழையில் தண்ணீர் ஏறி, விளிம்பிலிருந்து இரண்டு ஆள் ஆழத்தில் நின்றது. இறைப்பதற்காகப் போட்டிருந்த பலகைக் கல்லில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். நான் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். கல்லுக்கு அடியில் மண் கரைந்திருந்தது யாருக்கும் தெரியாது. கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் திரும்பிப் பார்க்கும்போது கல்லும் இல்லை, அவளும் இல்லை. ஒரு சத்தம்கூடப் போடவில்லை. பிறகுதான் தண்ணீரின் ஓசை கேட்டது. அந்த உயரத்துக்கு ஒரு வினாடிகூட ஆகாது. எனக்கு அது எவ்வளவு நீளம் என்று சொல்ல இன்று வரைக்கும் ஒரு சூத்திரமும் கிடைக்கவில்லை.

நானும் குதித்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஊர்ப் பையன்கள் எல்லாம் அந்தக் கிணற்றில்தான் பழகினார்கள். மூச்சிரைப்புக்காரன் என்று என்னை மட்டும் தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லை. யோசித்திருந்தால் கயிற்றைத் தேடியிருப்பேன். யோசிக்கவில்லை. தண்ணீருக்குள் போய், கண், மூக்கு, வாய் எல்லாம் அடைத்து, எது மேலே எது கீழே என்று தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கை என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தது. உன் அம்மாதான். ஒரு கையால் கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்திருந்தாள்.

"கழுத்தப் பிடிக்காதீக. தோளப் பிடிங்க. கால உதறாதீக" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? புள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"மொதல்ல வாய மூடுங்க. தண்ணி போகுது."

என் கூச்சல் கேட்டு உன் சித்தப்பா ஓடி வந்து மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "அண்ணே, மதினி விழுந்தாக சரி. நீ எதுக்குக் குதிச்ச?" என்று கேட்டான். "ஏலே, பேசாம கயித்தப் போடுலே" என்றேன். கயிற்றில் ஒரு முக்காலியைக் கட்டி இறக்கினார்கள். முதலில் அவளைத் தூக்கினார்கள். நான் மேலே வந்து சேர்ந்தபோது உன் தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள்மேல் போர்த்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் முறையாக அவளிடம் பேசினார். "தாயி, புள்ள அசையுதா?"

"தெரியல மாமா" என்றாள்.

உன் தாத்தாவின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. மேலத் தெருவில் இருந்த வேனை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரோடு முழுவதும் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உன் தாத்தா டிரைவரைத் திட்டினார். உன் அம்மா இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நான் என் கையையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து ஒரு இடம், இன்னொரு இடம் என்று நகர்த்தினார். வெறும் இரைச்சல்தான் கேட்டது. பிறகு குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம். டக் டக் டக் என்று. "இதோ இருக்கா" என்றார். பெண்ணா பையனா என்று தெரியாமலே "இருக்கா" என்றார், பார். திரைக்கு வெளியே நின்ற உன் தாத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை உன் அம்மாவை ஊருக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார், கிணற்றுப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்று சொல்லி.

இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், உன் அம்மா சொல்ல விடவில்லை. "சொன்னா தண்ணியக் கண்டு பயந்துக்கிரும். என் புள்ள கடல்ல நீந்தணும்" என்றாள். நீயும் நீந்தினாய். தங்கச்சிமடத்துக் கரையில் நீங்கள் இருவரும் அலைக்குள் போய் வருவீர்கள். நான் கையில் துண்டோடு கரையில் நின்று உங்கள் இரண்டு தலைகளையும் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

நேற்று குதிக்கிற நாள் என்று சொல்லியிருந்தாய். காலையிலிருந்து நூறு தடவை போனில் நீ இருக்கிற ஊர் வானிலையைப் பார்த்தேன். பிற்பகலில் உன் செய்தி வந்தது, "காத்து அதிகம், இன்னைக்கு இல்ல, நாளைக்கு" என்று. எனக்கு உயிர் வந்தது. அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அவ குதிக்கணும்னு மனசத் தயார் பண்ணிப் போயி நின்னுருப்பா. திரும்பிப் போயி இன்னொரு ராத்திரி அதே பயத்தோட படுக்கணும். இதுக்கு என்ன சிரிப்பு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாக என் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, உனக்கும் பயமாக இருக்கும் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. போனில் நீ சிரித்ததை நான் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். அம்மாடி, பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். எனக்குச் சொல்ல வேண்டாம், நான் இன்னும் கூடுதலாகப் பயப்படுவேன். உன் அம்மாவிடம் சொல். உன் பட்டையைச் சரிபார்க்கிறவரிடம் சொல். பயத்தை ஒளித்து வைக்கிறவர்கள்தான் பட்டையின் கொக்கியை இரண்டாவது தடவை பார்க்க வெட்கப்படுவார்கள். நீ வெட்கப்படாதே.

இன்று காலை இரண்டாவது பீரியடில் போன் அடித்தது. வகுப்பில் போன் எடுக்காத வாத்தியார் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. எடுத்துவிட்டேன். "அய்யா, எறங்கிட்டேன். முழங்கையில லேசா செராய்ப்பு, அவ்வளவுதான்" என்றாய். பின்னால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். நான் "சரிம்மா, சாப்பிட்டியா" என்றுதான் மறுபடியும் கேட்டேன். பிள்ளைகளிடம் சொன்னேன். கைதட்டினார்கள். பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் அம்மா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சொன்னதும் ஈரக் கையோடு துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிழிந்த துணியை மறுபடியும் தண்ணீருக்குள்ளேயே போட்டாள். அவள் வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே கிடையாது. "என்னடி, நீதானே குதிக்கட்டும்னு சொன்ன" என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்குக் கெணத்துல விழுந்தேன்ல. கல்லு நழுவினதும் எனக்கு வயித்துல ஒண்ணுமே இல்லங்க. ஏழு மாசமாச் சுமந்த கனம் அப்படியே காணாமப் போச்சு. புள்ள போயிருச்சுன்னு நெனச்சேன். அதான் சத்தம் போடல. தண்ணியில அடிச்சதும் திரும்பக் கனம் வந்துச்சு. அந்தக் கனம் வந்த பெறகுதான் எனக்குக் கை கால் வேல செஞ்சுச்சு. ஒங்களப் பிடிச்சேன். ஒரு வாரமா எனக்கு அதே நெனப்பாத்தான் இருக்கு. அவ கதவ விட்டதும் அப்படித்தான இருக்கும்?"

அப்படித்தான் இருக்கும். தாயும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒன்றாக, ஒரே வேகத்தில் விழும்போது, ஒருவர் கனம் இன்னொருவர் மேல் அழுத்தாது. பிள்ளை எங்கேயும் போகவில்லை, அவளோடு சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது. இதை வருடா வருடம் பாடமாக நடத்துகிறேன். லிஃப்ட் கயிறு அறுந்தால் உள்ளே நிற்கிறவனுக்கு எடை இருக்காது என்று படம் போட்டுக் காட்டுகிறேன். கூடவே விழுந்த என் வீட்டுக்காரியிடம், உனக்கு எப்படி இருந்தது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறை கேட்டதில்லை. அந்தக் கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "அப்ப அது போகலையா?" என்றாள், ஏதோ இப்போதுதான் நீ பிழைத்தது போல.

உனக்கு இன்னும் நாலு தடவை குதிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாய். நான் இங்கே கரண்டியைத் தொடாமல் இருக்கப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது. நீ ஒன்று செய். கதவைத் தாண்டினதும் குடை விரிகிற வரைக்கும் உன் உடம்பு உனக்கு எப்படி இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள். அதை உன் அம்மாவுக்கு நீயே போன் போட்டுச் சொல். நான் சொன்னால் பாடம் நடத்துகிறேன் என்பாள். நீ சொன்னால் நம்புவாள்.

உன் அய்யா